ஐம்பது வெள்ளியை ஒரு வெள்ளி என்று நீட்டிய அம்மா

எங்கள் ஊரில் "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்" என்று சொன்னால், கேட்பவர் ஒரு நொடி நம் முகத்தைப் பார்ப்பார். தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே மலேசியா முழுக்க ஒரே அர்த்தம்தான். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்றைய ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா, ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கிவிட்டது. கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எந்த ஊர்?" என்று கேட்டவர்களிடம் நானும் ஈப்போ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான், ஒருநாள் சாயங்காலம் அம்மா கூடத்தில் உட்கார்ந்தபடி "செவுத்துல என்னடி இவ்வளவு பூ?" என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெறும் சுவர். பூவும் இல்லை, காலண்டரும் இல்லை. "இல்லம்மா" என்றேன். "எனக்கும் தெரியுதுடி இல்லன்னு. ஆனா கண்ணுக்குத் தெரியுதே" என்றார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும் போனில் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அக்கா, பக்கத்து வீட்டுக்குத் தெரியாம பாத்துக்க" என்றான். மூன்று வாரம் அப்படியே ஓட்டினோம். தங்கச்சி, அந்த மூன்று வாரத்தை நான் வீணடித்தது போல நீயும் வீணடிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைசியில் அரசாங்க கிளினிக்கில், இனிப்புநீர் செக்கப்புக்குப் போன இடத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சத்தம் ஏதாவது கேக்குதா பாட்டி? இல்ல, உருவம் மட்டுந்தானா? அது நெஜம் இல்லன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகு டார்ச் லைட்டை அம்மாவின் கண்ணில் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணிக்குள் சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மூட்டம். இரண்டு கண்ணிலும் புரை.

பார்வை மங்கும்போது, கண்ணிலிருந்து வர வேண்டிய படம் வராததால் மூளை தானாகவே எதையாவது வரைந்து நிரப்பிக்கொள்ளுமாம். பூ, கட்டம் கட்டமான கோலம், குட்டி மனிதர்கள், முகங்கள். சார்ல் போனே என்ற சுவிஸ் நாட்டு அறிஞர் 1760லேயே இதை எழுதிவைத்தார். யாரைப் பார்த்து எழுதினார் தெரியுமா? சொந்தத் தாத்தாவைப் பார்த்து. கிட்டத்தட்ட தொண்ணூறு வயது, புரை வந்து பார்வை கெட்டவர், புத்தி மட்டும் தெளிவு. எங்கள் அம்மாவேதான். ஆனால் வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, அது வேறு விஷயம். காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். எப்படியானாலும் மறைத்துவைக்காதே. மனசு சரியில்லை என்றாலும் அதுவும் ஒரு வியாதிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஊர்க்காரியான எனக்கே அது புரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது!

திரும்பிப் பார்த்தால் அறிகுறியெல்லாம் முன்பே வந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பாசார் மாலாமில் கீரைக்காரச் சீனத்தி, "ஆயா, இது ஐம்பது வெள்ளி" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வெள்ளி நீலம், ஐம்பது வெள்ளி பச்சை கலந்த நீலம். புரை விழுந்த லென்ஸ் பழுப்பேறிப்போவதால் நீலம்தான் முதலில் செத்துப்போகும். நாங்கள் "வயசாச்சு, மறதி" என்று முடித்துவிட்டோம். ராத்திரி எதிரே வரும் லோரி விளக்கைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சோற்றில் கல் கிடந்தது. இன்னொன்று கேள்: இரண்டு வருடத்துக்கு முன்பு, "கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன் பாரு" என்று ஊரெல்லாம் பெருமை பேசினார். புரை முற்றும்போது லென்ஸ் தடித்து, கிட்டப்பார்வை கொஞ்ச நாளைக்குத் தெளிவதுபோல் இருக்குமாம். உங்கள் வீட்டுப் பெரியவர் எழுபது வயதில் திடீரென்று கண்ணாடியைத் தூக்கிப் போட்டால் கோயிலுக்கு மாவிளக்குப் போடாதே, கண் டாக்டரிடம் கூட்டிப் போ.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நம் ஆட்கள் எல்லாவற்றையும் "கண்ணுல பூ விழுந்திருச்சு", "சதை வளருது" என்று கலந்தடிப்பார்கள். பூ என்பது கருவிழியின் மேலே விழும் வெள்ளைத் தழும்பு. புண், அடி, குச்சி குத்தியது, இவற்றால் வரும். சதை என்பது மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலிருந்து கறுப்பை நோக்கி முக்கோணமாக ஏறுவது. வெயிலிலும் தூசியிலும் காலம் தள்ளியவர்களுக்கு அதிகம், தோட்டத்துப் பெரியவர்கள் பலரிடம் பார்க்கலாம். புரை இரண்டும் இல்லை. அது கண்மணிக்குப் பின்னால், உள்ளே இருக்கும் லென்ஸ் கலங்குவது. வெளியே நின்று பார்த்தால் முக்கால்வாசி நேரம் ஒன்றும் தெரியாது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

புரைக்குச் சொட்டு மருந்து கிடையாது. நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், எல்லாம் எங்கள் வீட்டிலும் வந்துபோனது. ஒரு பெரியம்மா புட்டியோடு பஸ் ஏறி வந்தார். புரையை இது எதுவும் கரைக்காது. கண்ணில் கிருமி ஏறினால் புரையோடு பூவும் சேர்ந்துகொள்ளும். அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு! கடைசியில் அவரே சொன்னார்: "பால்ல ஆசிட் ஊத்தி உறைஞ்சு போனப்புறம் அத திரும்பவும் பாலாக்க முடியுமா? அப்படித்தானே?" அப்படியேதான். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவருக்கு என்னைவிட நன்றாகவே விளங்கியது.

ஏன் வருகிறது? வயது முதல் காரணம். அடுத்து இனிப்புநீர், சிகரெட், கண்ணில் பட்ட பழைய அடி, நீண்டநாள் ஸ்டெராய்டு மருந்து, காலமெல்லாம் வெயில். இனிப்புநீரை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டு வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. மற்ற எந்த இனத்தையும்விட அதிகம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரம் வரும், சின்ன வயதிலேயும் வரும். அதோடு விழித்திரையும் கெட்டிருந்தால் புரையை எடுத்தாலும் முழுப் பார்வை திரும்பாது. ஆகவே வருடம் ஒருமுறை விழித்திரையைப் படம் எடுக்கச் சொல்லிக் கிளினிக்கில் கேள். அவர்களாகச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. 2014 தேசியக் கண் ஆய்வின்படி 50 வயதுக்கு மேல் பார்வை போனவர்களில் பாதிக்கும் அதிகமானோர், வைத்தியம் பார்க்காமல் விட்ட புரையால்தான் பார்வை இழந்திருந்தார்கள். அரை மணி நேர ஆப்பரேஷனில் தீர்கிற விஷயத்துக்கு!

பிறகு ஏன் விடுகிறார்கள்? பயம். அந்தப் பயத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது தாத்தாவின் முகம். எழுபதுகளில் தாத்தாவுக்குக் கண் ஆப்பரேஷன் செய்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்களாம். இருமக் கூடாது, திரும்பக் கூடாது. பாட்டி கரண்டியால் கஞ்சி ஊட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபிறகு சோடாப்புட்டிக் கண்ணாடி, கண் இரண்டும் தட்டுப்போல் பெரிதாகத் தெரியும். படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறுவார். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம், நான் உட்பட. அம்மா மனதில் "கண் ஆப்பரேஷன்" என்றால் அந்த மணல் மூட்டைதான். பயத்தைத் திட்டிப் பலனில்லை. எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து கேள், பாதி இறங்கிவிடும்.

இப்போது என்ன செய்கிறார்கள் என்று நான் அம்மாவுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். கண்ணில் மரப்புச் சொட்டு விடுவார்கள், சிலருக்குக் கண்ணோரம் ஊசி. கருவிழி ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு திறப்பு. அதன் வழியாகப் பேனா போன்ற கருவியை நுழைத்து, ஒலி அதிர்வால் புரையை நொறுக்கி உறிஞ்சிவிடுவார்கள். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைச் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியைப் பார்த்தபோதுதான் நியூயார்க் டாக்டர் சார்ல்ஸ் கெல்மனுக்கு இந்த யோசனை உதித்தது. 1967இல் செய்து காட்டினார். லென்சின் உறையை மட்டும் உள்ளேயே விட்டுவைத்து, அந்தப் பைக்குள் மடித்த புது லென்சை விடுவார்கள், அது தானாக விரிந்துகொள்ளும். பெரும்பாலும் தையல் இல்லை, அன்றைக்கே வீடு.

"கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்கா?" என்றார் அம்மா, மூக்கைச் சுளித்து. சண்டை விமானத்தின் கண்ணாடி உடைந்து, அதன் பிளாஸ்டிக் சில்லு கண்ணுக்குள் தங்கிய விமானிகளைப் பார்த்திருக்கிறார் ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் டாக்டர். கண் அதை எதிர்க்கவே இல்லை, சும்மா கிடந்தது. அந்தச் சரக்கிலேயே லென்ஸ் செய்து 1949இல் முதன்முதலாக வைத்தார். ரொம்ப வருடம் அது பணக்காரச் சாமானாகவே இருந்தது. விலையை உடைத்ததில் நம்ம ஊர் மனிதர் ஒருவருக்குப் பங்குண்டு: மதுரை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்தக் கையாலேயே அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். ஓய்வுபெற்றபின் 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அவர்களே ஆரோலேப் என்று ஒரு பட்டறை போட்டு லென்சை மலிவாகச் செய்யத் தொடங்கினார்கள். விரல் கோணிய டாக்டர் கதையைக் கேட்டபிறகுதான் அம்மா "சரி, எப்பப் போறது?" என்றார். மிச்சக் கதையெல்லாம் அவருக்கு எடுபடவில்லை.

இனி நடைமுறை. முதலில் அரசாங்க கிளினிக். ஐ.சி. கார்டும் ஒரு வெள்ளியும் போதும். அங்கே எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, அதாவது நாம் இன்னும் ஜி.எச். என்றே சொல்லும் இடம். கண் பகுதிக்குப் போகும் முதல் நாள் கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவார்கள். நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. குடையும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டு போ, அப்பாவை மோட்டார் சைக்கிளில் தனியாக அனுப்பாதே. வரிசை நீளம். அம்மாவுக்கு இனிப்புநீர் இருந்தால் பையில் பிஸ்கட் வை. லென்சுக்குக் காசு கட்டச் சொன்னால், அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். பண உதவி பெறும் குடும்பமா என்று பார். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மருத்துவச் சாதன உதவியில் கண் லென்சும் உண்டு. ஆப்பரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டும், முடிந்தபின் ரசீதைத் தூக்கிக்கொண்டு அலைவதில் பயனில்லை.

"இன்னும் முத்தட்டும்" என்று தள்ளிப்போடுவது தாத்தா காலத்துப் பேச்சு. இன்றைக்கு அன்றாட வேலை தடைபட ஆரம்பித்தாலே செய்யலாம். முற்ற முற்ற லென்ஸ் கல்லாகி, அந்தச் சின்னத் திறப்பு போதாமல் பெரிதாக வெட்டித் தையல் போட நேரலாம். ரொம்ப முற்றினால் கண்ணழுத்தம் ஏறி, வலியோடு ராத்திரியில் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டிவரும்.

எந்த லென்ஸ் என்ற கேள்வி தனியார் மருத்துவமனையில்தான் பெரிதாக வரும். சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு. வழக்கமாகத் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், படிக்கக் கண்ணாடி வேண்டும். கிட்டவும் எட்டவும் தெரியும் விலை உயர்ந்த லென்ஸ் சிலருக்கு நன்றாக ஒத்துப்போகிறது. சிலருக்கு ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். விழித்திரை கெட்டவருக்கு அது வீண் செலவு. என் கருத்தைக் கேட்டால், பூக்கட்டவும் பேப்பர் படிக்கவும் பத்து வெள்ளிக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சம்மதிக்கும் அம்மாவுக்குச் சாதாரண லென்சே தாராளம். ஆனால் அவர் பகலெல்லாம் என்ன வேலை செய்கிறார் என்பதை நீயே டாக்டரிடம் சொல். அவராகச் சொல்ல மாட்டார், "எல்லாம் சரிதான் ஐயா" என்று தலையாட்டிவிட்டு வருவார்.

ஆப்பரேஷனுக்கு ஒரு வாரம் முன்பிருந்து நான் செய்தது: தினம் அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தில் மெல்லிய துண்டைப் போட்டு இருபது நிமிடம் அசையாமல் இருக்கப் பழக்கினேன். தியேட்டரில் முகத்தை மூடித்தான் வேலை செய்வார்கள், சிலருக்கு அதுவே மூச்சு முட்டும். இருமல் இருந்தால் முன்னாடியே சொல்லித் தேதியை மாற்றலாம், வெட்கமில்லை. மருந்துப் பட்டியலை அப்படியே எடுத்துப் போ. இரத்தம் இளக்கும் மாத்திரையை நீயாக நிறுத்தாதே, கேட்டுச் செய். அப்பாவோ மாமாவோ புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டால் கட்டாயம் சொல். அந்த மாத்திரை கண்மணித் திரையைத் துவளவைக்கும், டாக்டர் முன்னதாகத் தயாராக வேண்டும். அன்று காலை தலைகுளித்து, பவுடர், மை, பொட்டு எதுவும் இல்லாமல் கூட்டிப் போ. சாப்பிடலாமா, இனிப்புநீர் மாத்திரை போடலாமா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்.

பிறகு சொட்டு மருந்து. இங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம். இரண்டு புட்டி, ஒரே அளவு, அம்மாவுக்கு எழுத்தே தெரியாத மொழியில் லேபிள். ஒன்று கிருமிக்கு, மற்றது வீக்கத்துக்கு, நாளுக்கு எத்தனை முறை என்பதும் வேறு வேறு. நான் வேலைக்குப் போய்விட, ஒரு வாரம் கழித்து "நல்லாத்தான் தெரியுது" என்று வீக்க மருந்தை அவரே நிறுத்திவிட்டார். கண் சிவந்து கூசி, திரும்ப ஓடினோம். நல்லவேளை, மருந்தைத் தொடர்ந்ததும் அடங்கியது. அதன் பிறகு ஒரு புட்டிக்கு ஒரு ரப்பர்பேண்ட், மற்றதுக்கு இரண்டு என்று சுற்றினேன். விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். எத்தனை வாரம் எழுதியிருக்கிறதோ அத்தனை வாரமும் விட வேண்டும், பெரும்பாலும் ஒரு மாதம் ஆகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழிமையை இழுத்து அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு. புட்டி நுனி இமையில் படக் கூடாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி.

நெற்றியில் விபூதி வேண்டாம். இதைச் சொன்னபோது அம்மா என்னை நாத்திகம் பேசுகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். விபூதித் துகள் நேரே கண்ணில்தான் உதிரும். கோயிலில் பொட்டலத்தில் வாங்கிவந்து கழுத்தில் பூசிக்கொள்ளட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். தலைக்குத் தண்ணீர் விடுவதானால், சலூனில் செய்வது போலப் பின்பக்கம் சாய்த்து ஊற்று. எண்ணெய்க் குளியல், மிளகாய் தாளிப்பு, வாளித் தண்ணீர், கேஸ் தோங், குனிந்து கோலம், பேரப்பிள்ளையைத் தூக்குவது, எல்லாவற்றுக்கும் டாக்டர் சொல்லும்வரை லீவு. ராத்திரி பிளாஸ்டிக் மூடியை ஒட்டிப் படுக்கவை, தூக்கத்தில் கை தானாகக் கண்ணைக் கசக்கும்.

முதல் இரண்டு நாள் உறுத்தல், நீர் வடிதல் சகஜம். வலி ஏறிக்கொண்டே போவது, சிவப்பு கூடுவது, தெரிந்த பார்வை திரும்ப மங்குவது, பீளை தள்ளுவது, மின்னல் வெட்டுவது போலவோ திரை இறங்குவது போலவோ தெரிவது, இதில் ஒன்று வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்க்காதே. அன்றைக்கே எமர்ஜென்சி. கிருமி உள்ளே போவது அபூர்வம்தான். போனால் மணிக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். சில மாதமோ வருடமோ கழித்து மங்கினால், லென்ஸ் வைத்த பை கலங்கியிருக்கலாம். அதை லேசரில் உட்கார்ந்தபடியே சில நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள். "புரை திரும்ப வளர்ந்திருச்சு" என்று அலறாதே.

படிக்கும் கண்ணாடியை உடனே வாங்காதே, கண் ஆறி அளவு நிலைக்க நாலைந்து வாரம் ஆகும். அடுத்த கண்ணையும் விட்டுவைக்காதே. ஒரு கண் தெளிவு, ஒரு கண் மூட்டம் என்றால் படிக்கட்டு ஆழம் பிடிபடாது, விழுந்து இடுப்பெலும்பு முறியும்.

சுவரில் பூத்த பூக்கள் முதல் கண் முடிந்த சில வாரத்தில் நின்றுபோயின. "கொஞ்சம் அழகாத்தான் இருந்துச்சு" என்றார் அம்மா. இரண்டாவது கண்ணும் முடிந்து ஒரு மாதம் இருக்கும், அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கத்திக் கூப்பிட்டார். கையில் ஒரு நீலப் புடவை, அதற்கு இரண்டு வருடமாக அவர் போட்டுக்கொண்டிருந்த கரும்பச்சை ரவிக்கை.

"இதப் போட்டுக்கிட்டா நான் சங்காட் கிண்டிங் கல்யாணத்துக்கு வந்தேன்? நீ பக்கத்துலதானடி உக்காந்திருந்த? ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"